கடைசிக் குப்பி

வைரஸ் ஏற்றிய பன்னிரண்டு குப்பிகளில் பதினொன்றில் பூச்சிச் செல்கள் உப்பி, வெடித்துச் செத்துப்போயின. கடைசிக் குப்பியில் மட்டும் கொஞ்சம் உயிரோடு ஒட்டிக்கொண்டிருந்தன. ஆய்வகப் பணியாளர் ரெஜினாவுக்கு அதைக் கொட்ட மனம் வரவில்லை. மூன்று வாரம், ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் வந்து, ஊட்டத் திரவம் மாற்றினாள். வீட்டில் இருப்பதற்கு இது தேவலை. செல்கள் பெருகிக் குப்பியை நிறைத்தன. பதிவேட்டில் தினமும் ‘நலம்’ என்று எழுதினாள்.

“பொழச்சிருச்சு மேடம்.”

விஞ்ஞானி சுலோசனா நம்பவில்லை. “அதுலேருந்து ஒரு சொட்டு எடுத்துப் புதுச் செல்லுல விட்டுப் பாரு.”

நான்காம் நாள் அந்தப் புதுக் குப்பியில் ஒரு செல்கூட மிஞ்சவில்லை.

“வைரஸ் உள்ளயேதான் இருக்கு ரெஜினா. அதுங்க சாகாம சுமந்துட்டு இருக்குதுங்க.”

“பார்த்தா தெரியவே இல்லையே மேடம்.”

“தெரியாது. நீ எழுதுன நலத்தையெல்லாம் அடிச்சிடு.”

ரெஜினா சிவப்புப் பேனாவால் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாள். பாதியில் ஊரிலிருந்து அம்மா போனில் கூப்பிட்டாள்.

“நல்லா இருக்கியாடி? மாப்பிள்ளை எப்படி இருக்காரு?”

“நல்லாத்தான் இருக்கோம்மா.”

பேனா அடுத்த ‘நலம்’ மேல் நின்றிருந்தது.