வலது ஸ்பீக்கரின் இந்தி

இருட்டியதும் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு விநோதச் சத்தம் கிளம்பியது. இரண்டு ஆண்கள் ஒரே மூச்சில் பேசுவது போலிருந்தது. டிவி பார்க்க அதில் மாட்டியிருந்த டியூனர் கார்டு, ஒரே செய்தியை இடது ஸ்பீக்கருக்குத் தமிழிலும் வலது ஸ்பீக்கருக்கு இந்தியிலும் அனுப்பிக்கொண்டிருந்தது.

“டேய், நீ வாயை மூடினாத்தான் நான் பேசுறது புரியும்!” என்று சீறியது இடது.

“எனக்கு வந்ததை நான் சொல்றேன். கார்டு அண்ணே, நீங்களே சொல்லுங்க.”

“ரெண்டும் சேர்ந்துதான் வருது தம்பி. பிரிச்சுக் கொடுக்கிறதோட என் வேலை முடிஞ்சுது,” என்றது கார்டு.

ஜெசிந்தாவின் கணவன் நைட் ஷிஃப்டுக்குப் போயிருந்தான்; வீட்டில் அவளும் குழந்தையும்தான். ஏதாவது என்றால் பக்கத்து வீட்டுக்கு ஓட வசதியாகக் கதவைத் தாழிடாமலே வைத்திருந்தாள். குழந்தை சிணுங்கவும் வயரைப் பிடுங்கிச் செருகிப் பார்த்தாள். சரியாகவில்லை. கடைசியில் ஒலி முழுவதையும் இடது பக்கத்துக்கே தள்ளிவிட்டாள்.

வலதுக்கு ஒலி வருவது நின்றது. இனி பரண்தான் தன் கதி என்று நினைத்துக்கொண்டது. ஒற்றைக் குரல் கேட்கக் கேட்க, ஜெசிந்தாவுக்கு வீடு இன்னும் பெரிதாகி வெறிச்சோடியது போலிருந்தது.

வெளியே வாசல் கேட் அருகில் யாருடைய செருப்புச் சத்தமோ வந்து நின்றது. ஜெசிந்தா குழந்தையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒலியை மறுபடி நடுவுக்கு இழுத்தாள். வலது திக்கித் திணறி, பிறகு உரக்க இந்தி பேசியது.

“இன்னும் சத்தமாப் பேசுடா,” என்றது இடது.

செருப்புச் சத்தம் மெல்ல நகர்ந்து போனது.

“நம்ம வீட்டுல எத்தனை ஆம்பளைங்க பாரு, செல்லம்,” என்று குழந்தையிடம் சொல்லிவிட்டு, ஜெசிந்தா போய்க் கதவை உள்ளே தாழிட்டாள்.