இஞ்சினுக்குள் மோட்டார்

"கையை இன்னும் உள்ள விடுடா! உங்கப்பன் கை உன் கையை விட ரெண்டு மடங்கு. அதுவே அந்தச் சந்துக்குள்ள போயிட்டு வந்துச்சு!"

வெர்னா போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டு நாய் ஒரு தடவை குரைத்துவிட்டு அடங்கிப் போனது.

மகன் கர்டிஸ் வாசலில் நின்ற அம்மாவின் பழைய காரின் பானட்டுக்குள் இடுப்பு வரை கவிழ்ந்து கிடந்தான். காரைக் கிளப்புகிற ஸ்டார்ட்டர் மோட்டாரை வைத்திருந்த இடம் அப்படி. மற்ற கார்களில் அடியில் படுத்துக் கையை நீட்டினால் எட்டிவிடும். இதில் இஞ்சினின் நெஞ்சுக்குள் புதைத்து வைத்திருந்தார்கள். மேலே இருக்கிற குழாய், ஒயர், மூடி எல்லாவற்றையும் கழற்றிப் போட்டால்தான் அதன் முகத்தையே பார்க்க முடியும். காலையில் ஆரம்பித்த வேலை. விரல் முட்டிகளில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது.

"இதைக் கொண்டுபோய் இங்க வெச்சவன் மட்டும் என் கையில கிடைச்சான்..."

"அவனை அப்புறம் திட்டிக்கலாம். போல்ட்டைத் திருப்பு. இடப்பக்கம்டா! இடப்பக்கம்!"

"தெரியும்மா! நீ லைட்டை என் கண்ணுல அடிக்காம இஞ்சின்ல அடி."

"உங்கப்பனுக்கும் நான்தான் லைட் பிடிச்சேன். அந்த மனுஷன் ஒரு நாளும் குறை சொன்னதில்ல."

"பசிக்குதும்மா."

"உள்ள சாண்ட்விச் இருக்கு. மோட்டார் வெளிய வரட்டும். அதுவும் வெளிய வரும்."

கர்டிஸ் ஸ்பேனரைத் தரையில் எறிந்தான். அது உருண்டு போய்ப் புல்லில் விழுந்தது.

"எதுக்கும்மா இந்தக் காரு? வித்துத் தொலை. எங்க போகணுமோ சொல்லு, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

"நீயா? கிறிஸ்துமஸுக்குக் கூப்பிட்டா ஈஸ்டருக்கு வர்றவன் நீ!"

"போன மாசம் எதிர்வீட்டுத் தபால் பெட்டியை இடிச்சுச் சாய்ச்சியே, மறந்துட்டியா?"

"அது ரோட்டுல நீட்டிக்கிட்டு நின்னுச்சு."

"நான் பொறந்ததுலேர்ந்து அது அங்கதான் நிக்குது! பெட்டி நின்ன இடத்துல ஒரு குழந்தை நின்னிருந்தா?"

"கர்டிஸ் வெய்ன்!"

முழுப் பெயரும் வந்துவிட்டது என்றால் அம்மாவுக்கு நிஜமாகவே கோபம் என்று அர்த்தம். வெர்னாவின் கழுத்து வரை சிவந்திருந்தது.

"முப்பது வருஷம் இந்த பிளின்ட் ஊர்ல ஸ்கூல் பஸ் ஓட்டினவடா நான். பனியில ரோடே தெரியாத நாள்ல கூட எல்லாப் பிள்ளையையும் முழுசா வீட்டுல கொண்டுபோய் இறக்கினவ."

"அது அப்போ. நீ இனிமே..."

"இனிமே? சொல்லு. ஏன் நிறுத்திட்டே? முழுசாச் சொல்லு."

அம்மாவின் கண்ணை அவனால் பார்க்க முடியவில்லை. "ஒண்ணுமில்ல" என்று முனகிவிட்டு ஸ்பேனரைப் பொறுக்கிக்கொண்டு மறுபடியும் கவிழ்ந்தான்.

எரிச்சல் எல்லாம் அவனுக்கு அவன் மேலேதான். மோட்டாரில் ஒரு கோளாறும் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவன், அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, மோட்டாருக்குக் கரண்ட் விடுகிற ரிலேயைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. போகிற வழியில் அதை ஆற்றில் வீசிவிட்டான். அது இல்லாமல் சாவியை எத்தனை தடவை திருப்பினாலும் கார் முனகக்கூடச் செய்யாது.

மறுநாளே அம்மாவிடமிருந்து போன். "மோட்டார் போயிடுச்சுடா. புதுசு வாங்கிட்டேன். சனிக்கிழமை வந்து மாட்டு."

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. சரி, மாட்டித் தொலைப்போம், புது மோட்டார் போட்டும் கிளம்பாத காரை அம்மாவே வெறுத்துப் போய் விற்றுவிடுவாள் என்று நினைத்துத்தான் வந்தான். வந்த பிறகுதான் தெரிந்தது, அது எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று.

பழைய மோட்டார் வெளியே வந்தது. சொன்னபடியே சாண்ட்விச்சும் வந்தது. புதியது உள்ளே போனது. கழற்றியதை எல்லாம் ஒவ்வொன்றாக மாட்டினான். ஒவ்வொன்றுக்கும் ஒரு திட்டு விழுந்தது. வெயில் சாயும்போது கடைசி போல்ட்டை இறுக்கி, பேட்டரி ஒயரை மாட்டிவிட்டு நிமிர்ந்தான். இடுப்பு மடமடவென்று நெட்டி முறிந்தது.

"ஏறி ஸ்டார்ட் பண்ணு" என்றாள் வெர்னா.

கர்டிஸ் ஏறி உட்கார்ந்தான். ஏமாந்தவன் மாதிரி முகத்தை முன்கூட்டியே வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினான்.

ஒரே உறுமலில் இஞ்சின் ஓட ஆரம்பித்தது.

"அது எப்படி..." வாய் தவறி வந்துவிட்டது.

வெர்னா ஜன்னல் பக்கம் குனிந்தாள். "ஏன், ஓடக் கூடாதா? ஹாரனை அடி."

அடித்தான். சத்தமே இல்லை. இரண்டு கையாலும் அழுத்தினான். அப்போதும் இல்லை.

"வராது. இந்தக் காருல ஹாரனுக்கும் மோட்டாருக்கும் ஒரே மாதிரி ரிலேதான்டா. நீ ஒண்ணைப் பிடுங்கிட்டுப் போன அன்னைக்கே ஹாரனோடதை எடுத்து இதுல மாட்டிட்டேன். வாரம் பூரா இந்தக் காருலதான் கடைக்குப் போயிட்டு வந்தேன், பழைய மோட்டாரோட. 'அம்மா, இனிமே நீ ஓட்டாத'ன்னு என் மூஞ்சிக்கு நேரா ஒரு வார்த்தை சொல்லுவியான்னு காலையிலேர்ந்து லைட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். அதைச் சொல்றதுக்கு, நல்லா இருந்த மோட்டாரைக் கழட்டி மாட்டுறது உனக்குச் சுலபமாப் போச்சு!"