பின்னாடி பார்க்கிற சீட்

பழசானால் எந்தக் காருக்கும் மதிப்பு வந்துவிடும் என்றொரு தவறான நம்பிக்கை மக்களிடையே வேரூன்றியிருக்கிறது. கனத்த மனத்துடன் அதைத் திருத்த வேண்டியிருக்கிறது. பழசானால் துருதான் வரும்.

ஸ்டேஷன் வேகன் என்கிற நீண்ட குடும்பக் காருக்கு மதிப்பு வந்த காரணம் வேறு. பந்தயக் காரையெல்லாம் போர்த்திப் பாதுகாத்தவர்கள், இதில் பிள்ளைகளை ஏற்றினார்கள், மூட்டையை ஏற்றினார்கள், நாயை ஏற்றினார்கள். வண்டி ஓடாய்த் தேய்ந்து பழைய இரும்புக் கடைக்குப் போனது. மிஞ்சியவை சொற்பம். ஆக, குடும்பத்திடம் சிக்காமல் தப்பித்த குடும்பக் காருக்குத்தான் இன்று கிராக்கி.

ஒரு பல் டாக்டரிடம் அப்படி ஒன்று இருந்தது. பக்கவாட்டில் மரப்பலகை, கடைசியில் பின்பக்கம் பார்த்து உட்காரும் குட்டி சீட். எல்லாம் ஒரிஜினல். மற்றவர்கள் வாயில் பொய்ப்பல் கட்டிப் பிழைப்பவர், காரில் மட்டும் ஒரு திருகாணிகூடப் புதிதாக இருக்கச் சம்மதிக்க மாட்டார்.

எட்டு வயது மகளுக்கு அந்தக் குட்டி சீட்டின் மேல்தான் உயிர்.

"ஒரே ஒரு ரவுண்டுப்பா. பின்னாடி வர்றவங்களுக்கெல்லாம் டாட்டா காட்டணும்."

"போட்டியில கோப்பை வாங்கட்டும், கூட்டிட்டுப் போறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா. இப்ப கையை எடு, கண்ணாடியில ரேகை விழுது."

ஞாயிற்றுக்கிழமை பழைய கார் போட்டி. டயர் தேயக் கூடாதென்று வேகன் லாரியில் ஏறிப் போனது. மனைவியும் மகளும் பஸ்ஸில் போனார்கள்.

நடுவர் ஓய்வுபெற்ற மெக்கானிக். வண்டியைச் சுற்றி வந்தார். பின்கண்ணாடியில் அழுந்தியிருந்த ஒரு சின்ன மூக்கின் அச்சை உற்றுப் பார்த்தார். குட்டி சீட்டுக்கு அடியில் கையை விட்டார். பாதி பிஸ்கெட் வந்தது. பிறகு, நீலக் கோடு போட்ட ஒரு சாக்ஸ்.

டாக்டருக்குப் பேயறைந்தது போலாயிற்று.

"ஐயா, இந்த வண்டியில இதுவரைக்கும் ஒருத்தரும் உக்காந்ததே இல்லைங்க! இது யாரோ செஞ்ச சதி!"

"என் ஸ்கூல் சாக்ஸ்!" என்று கூவினாள் மகள். "அம்மா, வெள்ளிக்கிழமையிலேர்ந்து தேடறோமே!"

டாக்டர் மனைவியைப் பார்த்தார்.

மனைவி வானத்தைப் பார்த்தாள். "இன்னிக்கு வெயில் கொஞ்சம் அதிகம், இல்லைங்க?"

"நான் கிளினிக்குல இருக்கறப்போ சாவியை எடுத்தியா?"

"சாவியை எடுத்தேன், வண்டியை எடுக்கலை. நின்ன இடத்துலயே அவ ஊரெல்லாம் சுத்திட்டு வந்துட்டா. பெட்ரோல்கூடச் செலவில்லை."

நடுவர் சிரிக்கவில்லை. சாக்ஸை எடுத்த இடத்திலேயே பத்திரமாக வைத்தார்.

"டாக்டர், இன்னிக்குப் பதினொரு வேகன் பார்த்துட்டேன். எல்லாம் உங்க கிளினிக் மாதிரி சுத்தம். குடும்பக் காருன்னா சீட்டுக்கடியில ஒரு ஒத்தை சாக்ஸ் இருக்கணும். இது ஒண்ணுதான் ஒரிஜினல்."

முதல் பரிசு. சான்றிதழில் அவரே தன் கையால் எழுதினார்: 'பின் சீட்டுக்கு அடியில் சாக்ஸ் ஒன்று. ஒரிஜினல்.'

டாக்டர் கோப்பையை அணைத்துக்கொண்டார். மகள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, ரவுண்டு?"

"என்னம்மா நீ! இப்பத்தானே வண்டிக்கு மதிப்பு ஏறியிருக்கு. இனிமேதான் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்."

"சத்தியம் பண்ணீங்க."

"பண்ணினேன். ஜெயிக்கறதுக்கு முன்னாடி."

மகள் சட்டையை விட்டாள்.

"சரி, என் சாக்ஸையாவது குடுங்க. நாளைக்கு ஸ்கூல்."

"ஐயையோ, அதைத் தொடாதே! சான்றிதழ்ல ஏறியிருக்கு. எடுத்தா வண்டி ஒரிஜினல் இல்லைன்னு ஆயிடும்."

மறுநாள் காலை மகள் ஒரு காலில் மட்டும் சாக்ஸ் போட்டுக்கொண்டு, அம்மாவின் ஸ்கூட்டரில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, வழியெல்லாம் டாட்டா காட்டிக்கொண்டே பள்ளிக்கூடம் போனாள்.