போண்டா எழுத்து

கண்ணீர் அஞ்சலி பேனரை யாராவது போண்டா எழுத்தில் கேட்பார்களா? இந்த அம்மாள் கேட்டாள்.

துர்காதேவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் போடுகிறவள் அவள். அந்த எழுத்துக்கு அப்படிப் பெயர் வைத்ததும் அவள்தான். மூலை கிடையாது, முனை கிடையாது. ஒவ்வொன்றும் எண்ணெயில் போட்ட மாவு மாதிரி உப்பிக்கொண்டு நிற்கும்.

நர்சரி ஸ்கூல் அட்மிஷனா, காதுகுத்தா, சிக்கன் பக்கோடாவா, எல்லாவற்றுக்கும் அதே கண்றாவி. பட்டுக்குப் பேர்போன காஞ்சிபுரத்தில் பட்டுக்கடைக்காரன்கூட ஆடித் தள்ளுபடியை அதில்தான் போடுகிறான். ரசனை என்று ஒன்று இருந்தால்தானே!

இப்போது சாவுக்குமா?

எதிரே நின்ற கிருஷ்ணம்மாளை ஏற இறங்கப் பார்த்தாள். புருஷன் செத்த அன்றைக்குக் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. எழுத்துக்குச் சண்டை பிடிக்க வந்துவிட்டாள்.

“இது சிரிக்கிற மாதிரி இருக்குதும்மா. மெலிசா, கௌரவமா ஒண்ணு போட்டுத் தரேன்.”

“மெலிசு வாணாம்மா. ‘மனைவி கிருஷ்ணம்மாள்’னு இந்தக் குண்டு எழுத்துல போடு. அத மொதல்ல போடு. அவரு பேரு, தேதியெல்லாம் அப்புறம் சொல்றேன்.”

செத்தவர் பெயருக்கு முன்னால் இவள் பெயரா? என்ன ஜென்மமோ! துர்காதேவி வேண்டாவெறுப்பாகத் தட்டினாள். ‘னை’யின் சுழிகள் அடைத்துக்கொண்டு வடை மாதிரி கிடந்தன. கிருஷ்ணம்மாள் “இன்னும் பெருசு, இன்னும் பெருசு” என்று சொல்லச் சொல்ல, பாதி பேனரை ‘மனைவி’யே தின்றுவிட்டது.

“செத்தவருக்கு எடம் வாணாமா?” என்று துர்காதேவி எரிந்து விழுந்தாள்.

கிருஷ்ணம்மாள் போனிலிருந்து படத்தை அனுப்பினாள். “எங்கிட்ட இருக்கிறது இது ஒண்ணுதான்.”

கல்யாணப் படம். மாலையும் கழுத்துமாய் இளம் கிருஷ்ணம்மாள், பக்கத்தில் மாப்பிள்ளை. மாப்பிள்ளையை மட்டும் வெட்டி எடுக்கப்போன துர்காதேவியின் கை நின்றுவிட்டது.

இடது புருவத்தில் தழும்பு. இதே தழும்போடு, நரைத்த தலையோடு, இதே முகத்தை இன்று காலையில் ஒரு பேனரில் வைத்திருந்தாள். எழுத்துகளை மெல்லியதாய்ப் போட்டுவிட்டு, சாவு பேனர் என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று தானே மெச்சிக்கொண்டாள். அதில் மனைவி என்று இருந்த பெயர் காவேரி.

“பேரு பரசுராமன்தானேம்மா?” குரல் இறங்கியிருந்தது.

“ஆமாம்மா. செவிலிமேட்டுல அந்தக் காவேரி வூட்டு வாசல்ல பேனர் கட்டியிருக்காங்களே, அது நீ போட்டதுதானா? ரோட்டுல நின்னா ஒரு எழுத்துகூட தெரியல. கிட்டப் போய் பாக்கலாம்னா என்னை உள்ள உட மாட்டேன்றாங்க. நான் எதிர்ல இருக்கிற கம்பத்துலதான் கட்டணும். அந்த வூட்டுக்குள்ள குந்திக்கினு இருக்கிறவங்களுக்கு அது தெரியணும்.”

துர்காதேவிக்குத் தன் ரசனையை நினைத்து வெட்கமாக இருந்தது.

‘மனைவி’யைச் சுற்றி அதே கறுப்பில் இன்னொரு பட்டை கொடுத்தாள். எழுத்து இன்னும் உப்பியது.

“இது போதுமா பாரும்மா” என்று திரையை அவள் பக்கம் திருப்பினாள்.