ஓடையின் குறுக்கே ஒரு சங்கிலி

எழுதிப் பழக்கமில்லாத நான் இதைத் தங்கள் முன் வைக்கத் துணிந்தமைக்கு முதலில் மன்னிப்புக் கோருகிறேன்.

எங்கள் படகுகள் கடலுக்குச் செல்ல, சதுப்பு நிலத்தின் ஊடே இருப்பது ஒரே ஓர் ஓடை. அந்நிலத்தைப் புதிதாக வாங்கிய முதலாளி, ஓடையின் குறுக்கே சங்கிலி கட்டிவிட்டார். நாங்கள் புகார் கொடுத்ததால், விசாரிக்க அதிகாரி நேரிலேயே வந்தார்.

"இந்த ஓடை எப்படி உண்டாச்சு?" என்று கேட்டார்.

முதலாளி முந்திக்கொண்டார். "தானா உண்டானதுங்க. இவங்க ஒரு கூடை சேறு அள்ளியிருப்பாங்களா? வலையை வீசிட்டுத் தூங்கத்தான் தெரியும்."

அப்பாவின் முகம் சிவந்தது. "யாரைப் பாத்து என்ன பேச்சுய்யா பேசுற? எங்க அப்பனும் பெரியப்பனும் இடுப்பளவு சேத்துல நின்னு வெட்டின ஓடை இது! இதோ, அந்த மண்வெட்டி!" என்று கையோடு கொண்டுவந்திருந்ததை உயர்த்திக் காட்டினார்.

"அதுக்கு முன்னால இங்க வெறும் சேறும் கோரையும்தாங்க. மீனே நடந்துதான் வரணும்!" என்றார் சித்தப்பா. எல்லோரும் சிரித்துக் கைதட்டினோம்.

அதிகாரி மட்டும் சிரிக்காமல் அப்பாவைப் பார்த்தார். "நிச்சயமாத்தான் சொல்றீங்களா, பெரியவரே?"

"சத்தியமாங்க."

அவர் பேனாவை மூடினார். "தானா ஓடுற தண்ணின்னா எல்லாருக்கும் பொது. மனுஷன் வெட்டினதுன்னா நிலத்துக்காரருக்குத்தான் சொந்தம். சட்டம் அப்படிங்க."

முதலாளி அப்பாவைப் பார்த்து, மிகுந்த மரியாதையுடன் கும்பிட்டார்.

இழந்தவற்றைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். ஓடை போயிற்று. பதினொரு படகுகள் கரையில் கவிழ்ந்து கிடக்கின்றன. மண்வெட்டியை அப்பாவே சேற்றில் வீசிவிட்டார்.