நிச்சயமான ஒரு நீளம்

திரையில் அவளுடைய கணவர் புல்லில் மல்லாந்து கிடந்தார். ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கட்டை மாதிரி காலை நீட்டிக்கொண்டு.

அவள் வீடியோவை அங்கேயே நிறுத்தினாள். தலைமை அலுவலகத்திலிருந்து காலையில்தான் வந்து இறங்கிய பொறியாளர் பின்னால் நின்று சிரித்தார்.

"டிரோனை மேல ஏத்திவிட்டுட்டு ஆள் கீழ தூங்குறாரா? கொடுத்து வச்ச மனுஷன்மா!"

"அது தானா சுத்திப் படம் பிடிச்சிடும் சார். 'நான் அசையாம கிடந்தாத்தான் படத்துலேருந்து செய்யற 3D மாடல் கெடாது'ம்பார். சோம்பேறிக்கு ஒரு சாக்கு."

சொல்லிவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். அவள்தான் தூங்கிப் பல நாளாயிற்று. வீடியோவை அனுப்பிய கையோடு அவர் போனில் சொன்னது இன்னும் காதில் இருந்தது: "வந்துச்சா? சரி, சாப்பாட்டை மூடி வை."

அந்த மலைச்சரிவு இப்போது எப்படி இருக்கிறது என்பதை வேறு ஆட்கள் அளந்து கொடுத்துவிட்டார்கள். மழையில் பாதி மண் சரிந்து இறங்குவதற்கு முன் எப்படி இருந்தது என்பதற்கு இந்த வீடியோ ஒன்றுதான் சாட்சி. இரண்டையும் ஒப்பிட்டால்தான் மிச்ச மண்ணும் வருமா, கீழே உள்ள முப்பது வீடுகளைக் காலி செய்ய வேண்டுமா என்று சொல்ல முடியும்.

"மாடல் அச்சு அசலாத்தான் இருக்கு. ஆனா அளவே இல்லையே! இந்த மேடு நாலு மீட்டரா, நாப்பதா? அளவுப் பலகை வைக்கலையா?"

"மறந்துட்டார். வண்டியிலேயே கிடக்கு."

"நல்ல ஆளு போங்க! படத்துல இருக்கிற ஏதாவது ஒண்ணோட நீளம் நிச்சயமாத் தெரிஞ்சாப் போதும்."

அவள் கணவரின் உச்சந்தலையில் புள்ளி வைத்து, குதிகால் வரை கோட்டை இழுத்தாள்.

"நூத்தி எழுபத்திரண்டு சென்டிமீட்டர்."

"ஆம்பளைங்க சொல்ற உயரத்தை நம்பலாமா? ரெண்டு விரல் கூட்டித்தானே சொல்வாங்க!"

"இவர் மூணு விரல் கூட்டுவார். நூத்தி எழுபத்தேழுன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருந்தார். எழுபத்திரண்டுதான்."

"முப்பது வீடும்மா, விளையாட்டில்ல. ஆளையே கூப்பிட்டு, டேப் வச்சு அளந்துடுவோமே?"

"அளந்தாச்சு சார்."

"எப்போ?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சவப்பெட்டிக்கு அளவு கேட்டப்போ."