கையெழுத்து இல்லாத உறை

பிரெஸ்காட் வீட்டு வாசலில் நட்டிருந்த பலகை ஊரிலேயே பெரியது. ‘வசதி உள்ளவன் கொடுக்கட்டும், வருமான வரிக்கு ஆமாம் போடுங்கள்’ என்று கடற்கரைச் சாலை வரை தெரியும். மூன்று விடுதிக்குச் சொந்தக்காரர். வசதி உள்ளவர்கள்மேல் மட்டும் மாவட்டம் போடப் பார்க்கும் அந்த வரி, ஊர் ஓட்டுப் போட்டு ஆமாம் என்றால்தான் வரும்; வந்தால் முதலில் கட்ட வேண்டியவரே அவர்தான். ஓட்டுப் பெட்டியில் உறையைப் போடும்போது சிரித்தபடி படம் வேறு எடுத்துக்கொண்டார். அப்பேர்ப்பட்ட மனுஷன் உறைமேல் கையெழுத்துப் போட மறந்துவிட்டாரே என்று லொரேட்டாவுக்கு ஆத்திரமாக வந்தது.

ஒரிகன் பக்கம் ஓட்டெல்லாம் உறையில்தான். கையெழுத்து இல்லாத உறையைப் பிரிக்கவே மாட்டார்கள். ஆனால் தேர்தல் முடிந்த பிறகும் போய்க் கையெழுத்தைப் போட்டுவிட்டு வர அவகாசம் உண்டு. அப்படி விட்டவர்களின் பட்டியலை அலுவலகத்தில் வாங்கி, தேடிப் பிடித்து இழுத்துப் போவதுதான் லொரேட்டா இந்த வாரம் முழுக்கச் செய்தது.

சும்மா இல்லை. வரி நிறைவேறாவிட்டால் மாவட்ட உதவி நின்றுபோகும். மரம் வெட்டப்போய் இடுப்பொடிந்து கிடக்கிற அவள் புருஷனைப் பார்த்துக்கொள்ள வரும் ஆளும் நின்றுபோவாள். அப்புறம் மீன் ஆலை வேலையை விட்டுவிட்டு லொரேட்டா வீட்டோடு கிடக்க வேண்டியதுதான், வயிற்றுக்கு என்ன வழி?

“ஒரு ஓட்டுல என்னம்மா ஆகப்போகுது? மழை வேற பெய்யுது” என்று இழுத்தார் பிரெஸ்காட்.

“ஒரு ஓட்டுலதான் சார் எல்லாம் ஆகும். கோட்டை மாட்டுங்க.”

அவரைத் தன் பழைய காரிலேயே ஏற்றிக்கொண்டு போனாள். தேர்தல் அலுவலகத்தில் அவர், உறையைப் பிரித்து உள்ளே இருக்கும் சீட்டை ஒரு தடவை பார்க்கலாமா என்று கேட்டார். அதெல்லாம் ஆகாது, கையெழுத்து மட்டும்தான் என்றுவிட்டார்கள். எவ்வளவு பொறுப்பு பார் என்று லொரேட்டா உருகிப்போனாள். பக்கத்திலேயே நின்று பேனாவையும் எடுத்துக் கொடுத்தாள்.

முடிவு வந்தது. ஆதரவும் எதிர்ப்பும் சரிசமம். சமமாக வந்தால் தோற்றதாகத்தான் கணக்கு.

அழுது வீங்கிய முகத்தோடு லொரேட்டா அவர் வீட்டுக்குப் போனபோது, பிரெஸ்காட் பலகையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

“நீங்க மட்டும் வரலைன்னா ஒண்ணுல தோத்திருப்போம் சார். உங்களாலதான் சமத்துக்காவது வந்துச்சு. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.”

பிரெஸ்காட் பலகையைக் கீழே வைத்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“‘வேண்டாம்’னு போட்டுட்டு, மனசு கேக்காமத்தாம்மா கையெழுத்துப் போடாம விட்டேன்.”